அழிக்காமல் திருத்துவோம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் நான் முதன்முதலாக ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றபோது எனக்கு ஒன்பது வயது. கொன்றைவேந்தன் மனனப் போட்டி. மொத்தம் 91 வரிகள். போட்டிக்கு ஒரு கிழமைக்கு முன்னர் எங்கள் ரீச்சர் என்னுடைய புத்தகத்தை வாங்கி, இரண்டு வரிகளைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய வளையம் போட்டுத் தந்தார். “இந்த ரெண்டையும் விட்டிட்டுச் சொல்லு மகள்” என்றார். ஏன் என்று கேட்டேன். “பெரிய பிள்ளையானதும் விளங்கும்” என்றார். நானும் சொன்னபடியே விட்டுவிட்டுச் சொன்னேன். வெளியிலிருந்து வந்திருந்த நடுவர் வரிகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு வரி குறைவு என்று எனக்கு இரண்டாம் இடம் தந்தார். நான் அழுதேன். ரீச்சர் தன் காசில் ஒரு ஐஸ்பழம் வாங்கித் தந்தார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

இலக்கியம் பேச ஒரு வைத்தியரை ஏன் கூப்பிட்டார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதற்கும் அந்தப் பென்சில் வளையந்தான் காரணம். நூற்றாண்டை ஒட்டி, நமது பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் சிறு நூலாக அச்சிட்டுக் கொடுக்கச் சங்கம் தீர்மானித்திருப்பது உங்களுக்குத் தெரியும். அதற்கான குழுவில் நானும் இருக்கிறேன். மூன்று வரிகளில் வந்து வேலை நின்றுவிட்டது. ஆத்திசூடியில் ஒன்று, பெண்ணின் பேச்சைக் கேட்டு நடக்காதே என்பது. கொன்றைவேந்தனில் இரண்டு. பெண்கள் குறைவாக உண்பதே அவர்களுக்கு அழகு என்பது ஒன்று. பேதைமையே மாதருக்கு நகை என்பது மற்றது. நான் ஒன்பது வயதில் தாண்டிப்போனவை இந்தக் கடைசி இரண்டுந்தான்.

முதற் கூட்டத்தில், மூன்றையும் எடுத்துவிடுவோம் என்று முதலில் சொன்னவள் நான். அந்தக் கருத்தை ஏன் மாற்றிக்கொண்டேன் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இது எங்களுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. 2023 பெப்ரவரியில் இங்கிலாந்தில் பெரிய சர்ச்சை ஒன்று எழுந்தது. ரோல்ட் டால் என்ற குழந்தை எழுத்தாளரின் புத்தகங்களில், அவர் இறந்து முப்பது வருடங்களுக்குப் பிறகு, பஃபின் பதிப்பகம் நூற்றுக்கணக்கான இடங்களில் சொற்களை மாற்றியிருந்தது தெரியவந்தது. ‘சார்லியும் சொக்லேற் தொழிற்சாலையும்’ கதையில் வரும் சாப்பாட்டுப் பிரியனான பையனைக் குறித்த ‘கொழுத்த’ என்ற சொல் போய்ப் ‘பெருத்த’ என்று ஆகியிருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும், திருத்தாத பழைய வடிவத்தையும் தனித் தொகுதியாக வெளியிடுவோம் என்று அதே மாதத்தில் அறிவித்தார்கள்.

எங்கள் தலைமுறை இந்த நூலகத்தில் அடிபட்டு வாசித்த எனிட் பிளைட்டனுக்கும் இதுதான் நடந்தது. அவருடைய ‘ஐவர்’ கதைகளை 2010 இல் இன்றைய பேச்சுக்கு ஏற்றபடி மாற்றி வெளியிட்டார்கள். பிள்ளைகள் அதை விரும்பவில்லை. 2016 இல் பழைய வடிவத்துக்கே திரும்பினார்கள்.

எல்லா மாற்றமும் ஒரே வகையானதில்லை. சொக்லேற் தொழிற்சாலைக் கதை 1964 இல் முதலில் வெளிவந்தபோது, அங்கே வேலைசெய்யும் குள்ள மனிதர்கள் ஆபிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பினத்தவர்களாக எழுதப்பட்டிருந்தார்கள். அதில் அடிமை வியாபாரத்தின் வாடை அடிக்கிறது என்று கண்டனம் எழுந்தது. டால் உயிரோடு இருந்தார், கேட்டார், 1973 இல் தானே மாற்றி எழுதினார். எழுதியவர் தன் எழுத்தைத் திருத்துவது அவருடைய உரிமை. இறந்தவரின் வாயில் நாங்கள் ஒரு சொல்லை வைத்துவிட்டு, அட்டையில் அவர் பெயரையே போடுவது வேறு விடயம்.

இந்த வேலையில் என் தொழில் முன்னோடி ஒருவரும் இருக்கிறார் என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டும். தோமஸ் பௌட்லர் வைத்தியம் படித்தவர். குடும்பத்தோடு இருந்து வாசிக்க ஒவ்வாதவை என்று தோன்றியதையெல்லாம் வெட்டி, ஷேக்ஸ்பியரின் நாடகங்களைக் ‘குடும்ப ஷேக்ஸ்பியர்’ என்று 1818 இல் வெளியிட்டார். நூலை இப்படிக் கத்தரிப்பதற்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயராலான வினைச்சொல்தான் வழங்குகிறது. ஆனால் அந்த நூலின் முதற் பதிப்பு 1807 இலேயே வந்துவிட்டது. அதைச் செய்தவர் அவருடைய சகோதரி ஹென்ரியெற்றா. புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. எந்த வரி ஆபாசம் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் அந்த வரி விளங்கியிருக்க வேண்டும். மணமாகாத ஒரு பெண்ணுக்கு அது விளங்கியது என்று வெளியே தெரிவதே குறைவாக எண்ணப்பட்ட காலம் அது.

கொன்றைவேந்தனின் அந்தப் ‘பேதைமை’க்கு உரைகாரர் சொல்லும் பொருளை இதோடு சேர்த்துப் பாருங்கள். அறிந்திருந்தும் அறியாதவர் போல இருத்தல் என்று அதற்கு உரை சொல்வார்கள். எங்கள் நூலில் அறிவுரையாக இருப்பதை அந்த ஆங்கிலப் பெண் வாழ்ந்தே காட்டியிருக்கிறார். எங்கள் பழைய நூல்களில் மட்டுந்தான் இந்தக் குறை என்று எண்ண வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

திருத்தத்தால் வேறொரு தீங்கு பிறப்பதும் உண்டு. கிறிம் சகோதரர்களின் ‘வெண்பனி’ கதையில், 1812 ஆம் ஆண்டின் முதற் பதிப்பில், மகளின் அழகைப் பொறுக்காமல் அவளைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். தாயை இப்படிக் காட்டக் கூடாது என்று 1819 இல் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். தாயின் பெயர் காப்பாற்றப்பட்டது. பழி முழுவதும் மாற்றாந்தாய்மார் தலையில் விழுந்தது. யுத்தமும் 2004 ஆம் ஆண்டின் சுனாமியும் கண்ட இந்தக் கரையில், தாயை இழந்த எத்தனை பிள்ளைகளை இன்னொரு பெண் தன் பிள்ளையாக வளர்த்து ஆளாக்கியிருக்கிறாள் என்று நமக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளில் ஒன்று வகுப்பில் இருந்து அந்தக் கதையைக் கேட்டால் அதன் மனம் என்ன பாடுபடும்? பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் கிறிம் சகோதரர்கள் மாற்றினார்கள். எந்தப் பிள்ளை கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன், நான் வேலை செய்த ஒரு வைத்தியசாலையின் விடுதியில், படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பெண் படுத்திருந்தாள். இரண்டாவது கர்ப்பம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தாலே குருதிச்சோகை என்போம். அவளுக்கு 7.4. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சுவதை என்றாள். மீன் துண்டு மிஞ்சுமா? இல்லை, ஆணம் மிஞ்சும். இரும்புச் சத்து மாத்திரையை எப்படிக் குடிக்கிறாய் என்றேன். பிளேன்ரீயோடு என்றாள். தேநீர் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. அவளுக்குக் கொடுத்த திரிபோஷவையும் மூத்த பிள்ளையும் வீட்டிலுள்ளவர்களும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

நான் கொஞ்சம் கோபமாகத்தான் பேசினேன். கட்டில் பக்கத்தில் நின்ற அவளுடைய அம்மா சிரித்துக்கொண்டு சொன்னார்: “அவள் சின்னனில இருந்தே கொஞ்சமாத்தான் தின்னுவாள் டொக்டர். பொம்புளப் புள்ளைக்கு அதுதானே வடிவு எண்டு ஒளவையாரே சொல்லி இருக்கா.” சொன்னதோடு நில்லாமல் அந்த வரியையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். மாமியார் சொல்லியிருந்தால் வேறு கதை. சொன்னவர் பெற்ற தாய். அவர் ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். படித்ததில் அந்த வரி நின்றிருந்தது.

மாத்திரையைத் தேநீரோடு குடிக்காதே, முருங்கையிலையும் மீனும் சாப்பிடு, கிளினிக்குக்குத் தவறாமல் வா என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஒளவையாருக்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கவில்லை. மேடையில் அந்த வரியைத் தாண்டிப்போகப் பழகியவள் நான். விடுதியிலும் தாண்டிப்போனேன். அந்தப் பெண்ணுக்கு மாதம் முந்தியே 2.1 கிலோவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் தப்பினார்கள். அந்தக் குழந்தை இப்போது எந்தப் பாடசாலையில் எதை மனனம் செய்கிறாளோ என்று அடிக்கடி நினைப்பேன்.

எங்கள் குழுவின் முதற் கூட்டத்தில் இந்த நினைவினால்தான் மூன்று வரிகளையும் எடுத்துவிடச் சொன்னேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் என் பிழை தெரிந்தது. புத்தகத்திலிருந்து நான் எடுத்தாலும் அந்தத் தாயின் வாயிலிருந்து எடுக்க முடியாது. அந்த வரி அடுப்படியில் இருக்கிறது, கல்யாண வீட்டுப் பந்தியில் இருக்கிறது, எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகச் சட்டியை வழிக்கும் எங்கள் அம்மாமாரின் பழக்கத்தில் இருக்கிறது. புத்தகத்தில் அதைக் காணாத பிள்ளைக்கு, அதைக் கேள்வி கேட்கும் சந்தர்ப்பமும் இல்லாமற் போகிறது.

வேறு வழியிலும் சிலர் தப்பப் பார்ப்பார்கள். அந்த மூன்று வரிகளுக்கும் புதிய பொருள் சொல்வார்கள். ‘தையல்’ என்றால் பெண் இல்லை, தைக்கின்ற கொடுஞ்சொல் என்பார்கள். குறைவாக உண்பது உடல்நலத்துக்கான ஆலோசனை என்பார்கள். அப்படியானால் அது ஏன் பெண்டிருக்கு மட்டும்? நீரிழிவும் இரத்த அழுத்தமும் மலிந்த இந்த நாளில், ஆண்களுக்கு அந்த ஆலோசனையைத் தினமும் எழுதிக் கொடுக்கிறவள் நான். பொருளை வளைத்து ஒளவையாரைக் காப்பாற்ற வேண்டியதில்லை. சோழர் காலத்தவர் என்று கருதப்படும் ஒருவர் தம் காலத்து வழக்கைச் சொன்னார் என்பதில் அவருக்கு என்ன குறைவு? கல்வியை விடாதே, பிறருக்குக் கொடுத்து உண் என்று எங்கள் நாக்கில் எழுத்தோடு சேர்த்து நல்லதை எழுதியவரும் அவர்தானே. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெண் சொல்லைக் கேட்காதே என்பதைச் சொன்னவர் பெண். அந்தச் சொல்லைக் கேட்டு நடந்தால், முதலில் கேட்காமல் விட வேண்டியது அதைத்தான்.

எங்கள் ஊரை வைத்துப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. குடியைத் தாய்வழியாகச் சொல்லும் மண் இது. வீடு வளவு பெண்பிள்ளையின் பெயருக்கு எழுதப்படும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். எங்கள் முஸ்லிம் அயலவரிடமும் இதே வழக்கம் உண்டு. வைகாசியில் செட்டிபாளையத்திலும் தம்பிலுவிலிலும் இன்னும் எத்தனையோ ஊர்களிலும் கண்ணகை அம்மன் கோயிற் சடங்கில் வழக்குரை படிக்கிறோம். அரசன் சபையில் ஒரு பெண் தனியே நின்று, உன் தீர்ப்புப் பிழை என்று நிறுவிய கதை அது. அந்தப் பெண்ணின் சொல்லைப் பயபக்தியோடு கேட்டுவிட்டு வந்து, பிள்ளைக்குப் பெண் சொல் கேளாதே என்று பாடம் சொல்லியிருக்கிறோம். இரண்டும் எங்கள் முதுசம்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எதைக் கைக்கொள்வது என்று பிள்ளைக்கே தெரியும்.

பாரதியார் செய்ததையும் பார்க்க வேண்டும். அவர் ஒளவையின் ஆத்திசூடியில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ‘புதிய ஆத்திசூடி’ என்று பெயர் வைத்துத் தன்னுடையதை எழுதினார். ஒளவையார் பெண் சொல்லை ஒதுக்கிய அதே எழுத்தின் கீழ், பெண்ணை உயர்த்தச் சொன்னார். பழையது இருந்தபடி இருக்கிறது. பதில் அதன் பக்கத்தில் நிற்கிறது. பழையதை யாராவது முன்பே திருத்தி வைத்திருந்தால், பாரதியார் எதற்குப் பதில் எழுதினார் என்பதே இன்று விளங்கியிராது.

வைத்தியசாலையில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. நோயாளியின் குறிப்பில் ஏதாவது பிழையாக எழுதிவிட்டால் அதைக் கிறுக்கி மறைக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. கீழே எழுதியது வாசிக்கக்கூடியதாக ஒற்றைக் கோடு போட வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமும் திகதியும் இட வேண்டும். முன்னர் என்ன நினைத்தோம், யார், எப்போது திருத்தினார்கள் என்பது அடுத்து வருகிற வைத்தியருக்குத் தெரிய வேண்டும் என்பதே காரணம். மறைத்துத் திருத்திய குறிப்பை யாரும் நம்ப மாட்டார்கள். பிள்ளைகளின் நூல்களுக்கும் இந்த விதி போதும் என்று நினைக்கிறேன்.

இதை நான் இரண்டாவது கூட்டத்தில் சொன்னபோது, எங்கள் குழுவிலுள்ள மூத்த அக்கா ஒருவர், முப்பது வருடம் சிறிய வகுப்புக்குக் கற்பித்தவர், ஒரு கேள்வி கேட்டார். “டொக்டர் தங்கச்சி, ஆறு வயதுப் பிள்ளை வரியைப் பாடமாக்கும். அடிக்குறிப்பைப் பாடமாக்குமா?” அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. படுவான்கரைத் தாயின் நினைவில் நின்றது வரிதான், உரை இல்லை. மனனம் என்பது மருந்து மாதிரி, வயதுக்குத் தக்க அளவில் கொடுக்க வேண்டியது. அந்த அக்காவின் கேள்விக்குப் பிறகுதான் என் யோசனை ஒரு வடிவத்துக்கு வந்தது. அதை இந்தச் சபையின் முன் வைக்கிறேன்.

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுத்த வரிகளை மட்டும் கொடுப்போம். ஆனால் அட்டையிலேயே ‘தெரிவு’ என்று போடுவோம். கொன்றைவேந்தனின் 91 வரிகளில் எத்தனை இதில் உண்டு என்பதையும் எழுதுவோம். கொடுக்காமல் விடுவது வேறு, இல்லை என்று காட்டுவது வேறு. தரம் 6 இலிருந்து முழு நூலையும் கொடுப்போம். அந்த மூன்று வரிகளுக்கும் கீழே, இதை ஏன் இன்று நாங்கள் ஏற்கவில்லை என்று இரண்டு மூன்று வசனங்களில் எழுதி, சங்கத்தின் பெயரும் ஆண்டும் இடுவோம். உணவு பற்றிய வரிக்குரிய குறிப்பை நான் எழுதித் தருகிறேன். வளரும் பிள்ளைக்கும் மாதவிடாய் வரும் பெண்ணுக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஏன் நிறைவாக உணவு வேண்டும் என்று எழுத எனக்கு இரண்டு வசனம் போதும். கடைசியில் கோடு போட்ட வெற்றுப் பக்கம் ஒன்று விடுவோம். பிள்ளைகள் தங்கள் பதிலைத் தாங்களே எழுதட்டும்.

இதற்கு முன்னோட்டமாக, பதினொரு வயதான என் மகளோடு கொன்றைவேந்தன் முழுவதையும் இருந்து வாசித்தேன். சாப்பாட்டு வரி வந்ததும் பொருள் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: “கூழுக்குப் பாடின ஒளவையாரா அம்மா இப்பிடிச் சொன்னவ? அவவுக்குப் பசிக்காதா?” இந்தக் கேள்வி நாற்பது வயது தாண்டிய எனக்குத் தோன்றவில்லை. அந்த வரியைப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தால் அவளுக்கும் தோன்றியிராது. அன்று இரவு மீன் குழம்பைப் பரிமாறும்போது, என் கோப்பையில் முதலில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுத்தான் தன்னுடையதை எடுத்தாள்.

எனக்கு இரண்டாம் இடம் வாங்கித் தந்த அந்த ரீச்சரைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். வீட்டில் பழைய பெட்டியைக் கிளறியபோது அந்தப் புத்தகம் அகப்பட்டது. இடப்பெயர்வுகளுக்கெல்லாம் தப்பி என் அம்மா வைத்திருந்திருக்கிறார். பென்சில் வளையம் மங்கலாக இன்னும் இருக்கிறது. உள்ளே இருக்கிற வரி தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. அவர் மை பூசவில்லை, பக்கத்தைக் கிழிக்கவில்லை. அந்த நாளில், அந்த வகுப்பறையில், ஒரு ஆசிரியையால் முடிந்தது அவ்வளவுதான். ‘பெரிய பிள்ளையானதும் விளங்கும்’ என்று அவர் சொன்னது எனக்கு விளங்கக் கொஞ்சம் அதிக காலம் எடுத்துவிட்டது. அவர் இன்று எங்களோடு இல்லை. வளையத்தின் பக்கத்தில் அவர் எழுதாமல் விட்டதை, அவருடைய மாணவிகளாகிய நாங்கள் இந்த வருடம் எழுதிக் கையொப்பமிடுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குழுவின் அடுத்த கூட்டம் வருகிற மாதம். உங்கள் கருத்துகளை, முக்கியமாக மறுப்புகளை, அதற்கு முன் எழுதி அனுப்புங்கள்.